ரம்பை இலை மணக்க மணக்க... வியட்நாம் வாஃபிள்!

‘சித்த வைத்தியர் வாஃபிள் சுடச் சொல்லித் தருகிறாரா? காலம் கெட்டுப் போச்சு!’ என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். கஷாயம், சூரணம் எல்லாம் அடுத்த இதழுக்கு இருக்கட்டும். இந்த முறை ஒரு பலகாரம். அதுவும் நம்ம ஊர் பலகாரம் இல்லை. வியட்நாம் நாட்டில் தெருவோரத்தில் சுட்டு விற்கிற பச்சை நிற வாஃபிள்.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், காரணம் அந்தப் பச்சைதான். என்னிடம் வைத்தியத்துக்கு வருகிற தாய்மார்களில் நாலு பேராவது இந்த வருடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். “டாக்டர், பாண்டன் இலைன்னு ஒண்ணு இருக்காமே... சுகருக்கு ரொம்ப நல்லதாமே? அதைப் போட்டு வாஃபிள் பண்ணா பசங்களும் சாப்பிடலாம், அவங்க அப்பாவும் சாப்பிடலாம் இல்லையா?” பசங்க சாப்பிடலாம். சர்க்கரை உள்ள அப்பா? அதற்குத்தான் இந்தக் கட்டுரை. ருசியாகச் செய்யும் வழியையும் சொல்கிறேன். அதை மருந்தாக நினைத்துவிடாமல் இருக்கவும் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது?

வாஃபிள் ஐரோப்பாக்காரர்களின் பண்டம். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாவை ஊற்றி, மூடி, சுட்டு எடுப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘கோஃப்ர்’ என்பார்கள். 1859-ல் சைகோன் நகரத்தைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், 1954 வரை வியட்நாமை விடவில்லை. அந்தக் காலத்தில் அவர்களோடு வந்த ரொட்டி, காபி, கஸ்டர்டு எல்லாவற்றையும் வியட்நாம்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. நீள ரொட்டிக்குள் ஊறுகாய்க் காய்கறியையும் கொத்தமல்லியையும் வைத்து ‘பான் மி’ ஆக்கினார்கள். காபியில் டின் பாலை ஊற்றினார்கள். வாஃபிளையும் தங்கள் ஊர்ப் பொருள்களால் மாற்றினார்கள். மேகாங் ஆற்றின் கழிமுகத்தில் பென் ட்ரே என்று ஒரு பகுதி உண்டு. திரும்பின பக்கமெல்லாம் தென்னந்தோப்பு. அந்த மண்ணில் பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால்தானே சுலபம்? கோதுமை மாவோடு அரிசி மாவும் மரவள்ளி மாவும் சேர்ந்தன. மணத்துக்கு அவர்கள் கொல்லையிலேயே கிடக்கிற இலை. அந்த இலையை அவர்கள் ‘லா யுவா’ என்கிறார்கள். வாஃபிளுக்குப் பெயர் ‘பான் கெப் லா யுவா’. ‘பான்’ என்றால் மாவுப் பலகாரம், ‘கெப்’ என்றால் இடுக்கிப் பிடிப்பது. பெயரிலேயே செய்முறை இருக்கிறது, பாருங்கள்!

1975-க்குப் பிறகு நாட்டைவிட்டுக் கிளம்பிய வியட்நாம் குடும்பங்கள் இந்த ருசியையும் கூடவே எடுத்துப் போயின. இன்று அமெரிக்காவில் அவர்களுடைய பேக்கரிகளில் பான் மி வாங்கினால் பக்கத்திலேயே இந்தப் பச்சை வாஃபிளும் சூடாக இருக்கும்.

நமக்கும் சைகோனுக்கும் ஒரு பழைய ஒட்டு உறவு இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் உத்தியோகத்துக்குப் போனவர்கள், லேவாதேவிக்குப் போன நகரத்தார் என்று தமிழர் பலர் அங்கே வாழ்ந்தார்கள். இப்போது ஹோசிமின் நகரம் என்று பெயர் மாறிவிட்ட அந்த ஊரின் நடுவே மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. வியட்நாம்காரர்களே அங்கே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். புதுச்சேரியில் சைகோன் போய்வந்த குடும்பங்களில் ‘நெம்’ என்கிற சுருள் பலகாரம் இன்றும் அடுப்பில் ஏறுகிறது.

சரி, இலைக்கு வருவோம்.

ரம்பையா, தாழையா?

பாண்டன் என்று இப்போது கடைகளில் சொல்கிற இலையைத்தான் இலங்கைத் தமிழர்கள் காலங்காலமாக ‘ரம்பை’ என்கிறார்கள். கறிக்குத் தாளிக்கும்போது கறிவேப்பிலையோடு ஒரு துண்டு ரம்பை போடாவிட்டால் அவர்களுக்குக் கறியே இறங்காது. நம் பக்கம் நர்சரிகளில் ‘அன்னபூர்ணா இலை’ என்றோ, ‘பிரியாணி இலைச் செடி’ என்றோ விற்பார்கள். இந்தப் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. மளிகைக் கடையில் காய்ந்த சருகாக விற்கும் பிரியாணி இலை வேறு. அது மர இலை. இது நீளமாக, வாள் மாதிரி, நடுவில் மடிப்போடு இருக்கும் பச்சை இலை.

எங்கள் தாழைக்கு இது நெருங்கிய சொந்தம். ஒரே இனம். நான் கல்லூரியில் குணபாடத்தில் படித்தது தாழையைத்தான். தாழம்பூ மணப்பாகு கோடைச் சூட்டுக்கும் பித்தத்துக்கும் நாங்கள் கொடுப்பது. தாழை விழுதுக்கும் வைத்தியத்தில் இடம் உண்டு. ஆனால் தாழைக்குப் பூவில் மணம், ரம்பைக்கு இலையில் மணம். தாழை இலையின் ஓரமெல்லாம் முள். ரம்பை இலையைத் தடவினால் வழவழவென்று இருக்கும். நுனியில் மட்டும் லேசாகச் சொரசொரக்கும். ரம்பை பூப்பதும் இல்லை என்றே சொல்லலாம். அடியிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டு நட்டுத்தான் மனிதர்கள் இதை நாடு நாடாகக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

அக்கா மருந்து என்றால் தங்கையும் மருந்து என்று ஆகிவிடாது. தாழைக்குச் சொன்ன குணத்தையெல்லாம் தூக்கி ரம்பையின் தலையில் வைக்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அதை நம்பாதீர்கள்.

ரம்பையின் மணம் உங்களுக்குப் புதிது இல்லை. பாசுமதி அரிசி கொதிக்கும்போது வீடு முழுக்க ஒரு மணம் வருமே, அதே மணம்தான்! அரிசியிலும் இலையிலும் மணத்துக்குக் காரணமான பொருள் ஒன்றே. வேதியியல்காரர்கள் அதை 2-அசிட்டைல்-1-பைரோலின் என்கிறார்கள். செடியில் இருக்கும்போது இலை அவ்வளவாக மணக்காது. பறித்துக் கொஞ்சம் வாடினாலோ, கசக்கினாலோ, சூடு பட்டாலோதான் கிளம்பும். செடி வாங்கும்போது இதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இலையைக் கிள்ளி வாங்கி வந்து ஒரு நாள் வாடவிட்டு முகர்ந்து பாருங்கள். பாசுமதி மணம் வந்தால் ரம்பை. வராவிட்டால் அது ஏதோ அலங்காரச் செடி. வாள் மாதிரி இலை உள்ள அழகுச் செடிகள் எத்தனையோ. எல்லாம் வயிற்றுக்குள் போக வேண்டியவை அல்ல.

பாட்டில் பச்சை வேண்டாமே!

இலைக்கு எங்கே போவது, பாட்டிலில் எசென்ஸ் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. இரண்டு சொட்டு விட்டால் போதும்; கிளிப்பச்சை! குழந்தைகள் கைதட்டுவார்கள். ஆனால் பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். 102, 133 என்று எண்கள் பல பாட்டில்களில் இருக்கும். 102 என்பது டார்ட்ரசைன் என்ற மஞ்சள் சாயம். 133 என்பது பிரில்லியன்ட் புளூ என்ற நீலச் சாயம். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. இது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். அதில் இலை எங்கே?

இந்தச் சாயங்கள் சட்டம் அனுமதித்தவைதான். விஷம் என்று சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் 2007-ல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். டார்ட்ரசைன் உள்ளிட்ட சில சாயங்களும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், சில குழந்தைகளிடம் துறுதுறுப்பும் நிலைகொள்ளாமையும் கூடின. அதன் பிறகு 2010 முதல் ஐரோப்பிய நாடுகளில், டார்ட்ரசைன் உட்பட 6 சாயங்கள் சேர்த்த உணவுப் பொட்டலத்தில் ‘குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கக்கூடும்’ என்ற பொருளில் எச்சரிக்கை போட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஆஸ்துமா, அரிப்பு, தடிப்பு உள்ள சிலருக்கும் இந்த மஞ்சள் ஒத்துக்கொள்வதில்லை. இவ்வளவு தெரிந்த பிறகு, தொட்டியில் வளர்கிற இலையை விட்டுவிட்டு பாட்டிலுக்குப் போவானேன்?

ஒரே ஒரு விஷயத்தை மனசில் தேற்றிக்கொள்ளுங்கள். இலைச்சாற்றில் செய்த வாஃபிள் கிளிப்பச்சையாக வராது. வெளியே பொன்னிறம் கலந்த இலைப்பச்சை, பிய்த்தால் உள்ளே வெளிறிய பச்சை. அவ்வளவுதான். கடையில் கண்ணைப் பறிக்கிற பச்சையில் வாஃபிள் இருந்தால், ‘இலையா, எசென்ஸா?’ என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

சாறு எடுக்கும் பக்குவம்

வேலையில் பாதி இங்கேதான். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

செடியின் அடிப்பக்கத்திலுள்ள முற்றிய, கரும்பச்சை இலைகளாக 12 முதல் 15 பறியுங்கள். குருத்தைத் தொடாதீர்கள், அதில் மணமும் குறைவு, செடியும் சோர்ந்துவிடும். கழுவித் துடைத்து, கத்தரிக்கோலால் குறுக்காக அரை விரற்கடை அளவுக்குப் பொடிப்பொடியாக வெட்டுங்கள். நீளமாகப் போட்டால் நார் மிக்ஸி பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டாரைத் திணறடிக்கும். 150 மில்லி தண்ணீர் விட்டு நன்றாக அரைத்து, வெள்ளைத் துணியில் போட்டு முறுக்கிப் பிழியுங்கள்.

அவசரம் என்றால் இதையே உபயோகிக்கலாம். பொறுமை இருந்தால் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் பார்த்தால் மேலே தெளிந்த நீர், அடியில் கரும்பச்சை வண்டல். தென்கிழக்காசியாவில் கைப்பக்குவம் உள்ளவர்கள் இந்த வண்டலைத்தான் சேர்ப்பார்கள். மேல் நீரில் கொஞ்சத்தை வடித்துவிட்டு, வண்டலும் மீதி நீருமாக 100 மில்லி எடுத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு இலையைக் கூட்டி வண்டலை அதிகமாக்கினால் கசக்கும். மூலிகை என்றால் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறதே, அது சமையலிலும் தப்பு, வைத்தியத்திலும் தப்பு.

இந்தச் சாற்றைத் தனியாகக் கொதிக்க வைக்காதீர்கள். மணப்பொருள் ஆவியோடு பறந்துவிடும். மாவில் மோரோ எலுமிச்சையோ சேர்க்காதீர்கள். இலைக்குப் பச்சை கொடுக்கும் பச்சையம், புளிப்புப் பட்டால் அதிலுள்ள மக்னீசியத்தை இழந்து பழுப்புப் பச்சையாகிவிடும். கீரையில் புளி விட்டால் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதை.

என்னென்ன வேண்டும்?

மைதா 150 கிராம், பச்சரிசி மாவு 75 கிராம், மரவள்ளி மாவு 50 கிராம். மரவள்ளி மாவு கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்து நைசாகச் சலித்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசியும் மரவள்ளிப் பண்டம்தான். பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, சர்க்கரை 100 கிராம், முட்டை 2, கெட்டித் தேங்காய்ப் பால் 250 மில்லி, இலைச்சாறு 100 மில்லி, மணமில்லாத எண்ணெய் அல்லது உருக்கிய வெண்ணெய் 3 மேசைக்கரண்டி. இதில் 7 வட்ட வாஃபிள் வரும்.

தேங்காய்ப் பாலுக்கு, நடுத்தரமான ஒரு காயைத் துருவி 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் ஏறக்குறைய வேண்டிய அளவு கிடைக்கும். குறைந்தால் இரண்டாம் பாலில் ஈடுகட்டுங்கள். டின்னில் வாங்குவதானால் தேங்காய் எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் தண்ணீர்தான் தாராளம்.

மாவுகள், பேக்கிங் பவுடர், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகச் சலியுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, தேங்காய்ப் பால், இலைச்சாறு, எண்ணெய் விட்டுக் கலக்குங்கள். இதை மாவில் ஊற்றி, பெரிய கட்டிகள் மறையும்வரை மட்டும் கிண்டுங்கள். குட்டிக் கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். மைதாவைப் போட்டு அடி அடியென்று அடித்தால் அதிலுள்ள பசைச்சத்து இழுபட்டு, வாஃபிள் ரப்பர் மாதிரி ஆகிவிடும். 20 நிமிடம் மூடி வையுங்கள். ஆப்ப மாவைவிடக் கெட்டி, இட்லி மாவைவிடத் தளர்வு. இதுதான் பதம்.

மின்சார வாஃபிள் மெஷினை நன்றாகச் சூடாக்குங்கள். இங்கேதான் பலரும் அவசரப்படுவார்கள். சூடு ஏறாத தகட்டில் ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். முதல் ஈடுக்கு மட்டும் லேசாக எண்ணெய் தடவி, ஒரு பெரிய கரண்டி மாவை நடுவில் ஊற்றி மூடுங்கள். ஓரத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி வரும். அந்த ஆவி அடங்கும்வரை திறக்காதீர்கள். 4 முதல் 5 நிமிடம் ஆகும். மெஷினில் எரிகிற விளக்கைவிட ஆவியை நம்புங்கள். ஆவி நின்றால் உள்ளே ஈரம் குறைந்தது என்று அர்த்தம்; மொறுமொறுப்பு அப்போதுதான். மூடியைத் தூக்கும்போது பிடித்து இழுத்தால் விட்டுவிட்டு இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள், தானே விட்டுக்கொடுக்கும். கரண்டி, கத்தி எதுவும் வைத்து நெம்ப வேண்டாம். ஒட்டாத பூச்சு உரிந்துவிடும்.

எடுத்ததும் தட்டில் அடுக்காதீர்கள்! அடுக்கினால் அதன் ஆவியிலேயே அது நமுத்துப்போகும். கம்பி வலை மேல் போடுங்கள். இல்லையென்றால் மூங்கில் தட்டு போதும். இரண்டு நிமிடம் காற்றுப் பட்டால் ஓரம் நொறுங்கும், உள்ளே மெத்தென்று இழுக்கும். இந்த இரட்டை ருசிக்குக் காரணம் அரிசி மாவும் மரவள்ளி மாவும். மைதாவில் மட்டும் செய்தால் ஐந்து நிமிடத்தில் தொய்ந்துவிடும்.

மேலே தேன், சாக்லேட், ஐஸ்கிரீம் எதுவும் வேண்டாம். வியட்நாமில் வெறுமனேதான், மிஞ்சினால் கொஞ்சம் தேங்காய்த் துருவலோடு மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். மணத்தைச் சாப்பிடுகிற பண்டத்தில் சாக்லேட்டைக் கொட்டினால் ரம்பை எதற்கு?

மெஷின் இல்லாதவர்கள் பணியாரக் கல்லில் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். ஊற்றுங்கள், நல்ல பணியாரம் கிடைக்கும். வாஃபிள் கிடைக்காது. முட்டை சாப்பிடாத வீடு என்றால் முட்டைக்குப் பதில் 60 மில்லி தேங்காய்ப் பால், ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, அரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கூடுதலாகச் சேருங்கள். அவ்வளவு பொசுபொசுவென்று வராது, மொறுமொறுப்பு வரும்.

இனி கணக்கு!

மேலே சொன்ன அளவில் 7 வாஃபிள் வந்தால், ஒவ்வொன்றிலும் சுமார் 330 கலோரி. கிட்டத்தட்ட 5, 6 இட்லிக்குச் சமம். மாவுச்சத்தும் சர்க்கரையுமாகச் சேர்ந்து 46 கிராம். அதில் தனிச் சர்க்கரை மட்டும் 14 கிராம், அதாவது 3 தேக்கரண்டி. நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நன்மை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. ஒரே வாஃபிளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டதே! மீதியை நீங்கள் காபியிலேயே முடித்துவிடுவீர்கள்.

இப்போது அந்த அப்பாவுக்கு வருவோம். ரம்பை இலை சர்க்கரையைக் குறைக்குமா? எலிகளிடம் ஆய்வு செய்திருக்கிறார்கள். நோய் இல்லாத சிலருக்கு இலைத் தேநீர் கொடுத்து, சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் மட்டுப்பட்டதாகவும் கண்டிருக்கிறார்கள். இவை சிறிய ஆய்வுகள். பல வருடமாக நீரிழிவு உள்ளவர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாம் என்பதற்கு இவற்றில் ஆதாரமே இல்லை. அதிலும், 46 கிராம் மாவுச்சத்துக்குள் கலந்த நாலு கரண்டிச் சாறு என்ன செய்துவிடும்?

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் இந்த இலையைக் கொதிக்க வைத்துக் குடித்துக்கொண்டு, மாத்திரையை நிறுத்திவிட்ட ஓர் அம்மாளை எங்கள் வைத்தியசாலைக்குக் கூட்டி வந்தார்கள். கால் விரலில் புண், ஆறவில்லை. “மூலிகைதானே டாக்டர், ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சேன்” என்றார். அந்த வார்த்தையை நன்றாகக் கவனியுங்கள். ஒன்றும் பண்ணவில்லைதான்! அதுதானே பிரச்னை? இலை அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. செய்ய வேண்டிய வேலையை அதுவும் செய்யவில்லை, நிறுத்தப்பட்ட மாத்திரையாலும் செய்ய முடியவில்லை. அன்றே அவரைச் சர்க்கரை நோய் மருத்துவரிடம் அனுப்பி, மாத்திரையை மறுபடி தொடங்கவைத்து, புண்ணுக்கும் வைத்தியம் பார்க்கச் சொன்னோம். விரல் பிழைத்தது. சித்த மருந்தோ, மூலிகையோ, எதை எடுத்தாலும் ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதைச் சொல்வதில் ஒரு சித்த வைத்தியனுக்கு வெட்கமே இல்லை.

சர்க்கரை உள்ளவர் வாஃபிளைத் தொடவே கூடாதா? அப்படி ஒருவரை ஒதுக்கி உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடும் வீட்டில், அவர் தெருமுனைக் கடையில் போய் ரகசியமாகச் சாப்பிடுவார். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், மாலை நேரத்தில் கால் வாஃபிள், அன்று ராத்திரி ஒரு இட்லியோ ஒரு சப்பாத்தியோ குறைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் உடம்புக்கு அது என்ன செய்கிறது என்று அதுவே சொல்லிவிடும். கட்டுக்குள் இல்லாதவர்கள் மணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

“அப்ப வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி போடட்டுமா?” இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். ரத்தத்துக்கு நிறம் தெரியாது. கூடவே பச்சை நிறம் சேற்று நிறமாகிவிடும். அதற்குப் பதில் 100 கிராமை 70 ஆகக் குறையுங்கள், ருசி அவ்வளவாகக் குறையாது. அதற்குக் கீழே போனால் நிறமும் மொறுமொறுப்பும் குறைய ஆரம்பிக்கும். மைதாவில் பாதிக்குக் கோதுமை மாவு போடலாம். கேழ்வரகும் கம்பும் போட்டால் அது அடை. நல்ல அடை, ஆனால் வாஃபிள் என்ற பெயரில் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள்.

தேங்காய்ப் பாலைப் பற்றி ஒரு வார்த்தை. தேங்காய் எங்கள் வைத்தியத்துக்கு எதிரி இல்லை. ஆனாலும் அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி நிறைகொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும் என்று 2017-ல் அமெரிக்க இதய சங்கம் தேங்காய் எண்ணெயை வேண்டாமென்றே சொன்னது. இருதய நோய் உள்ளவர்கள் இரண்டாம் பாலில் செய்யலாம். வெண்ணெயைத் தவிர்த்து எண்ணெய் சேருங்கள். மைதாவும் தேங்காய்ப் பாலும் சேர்ந்தால் மந்தம் என்பது எங்கள் கணக்கு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் இதைத் தின்றுவிட்டுப் படுத்தால் நெஞ்சு கரிக்கும். மாலை 4 மணிக்குச் சாப்பிடுங்கள், கூட ஒரு சுக்கு காபி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு ஒன்று போதும்.

மீந்ததை என்ன செய்வது? ஆறியதும் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி ஃப்ரீஸரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். வேண்டியபோது மறுபடி வாஃபிள் மெஷினிலோ தோசைக் கல்லிலோ சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் துணி மாதிரி ஆகிவிடும். இலைச்சாறு மிஞ்சினால் ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவிடுங்கள். வடித்து ஒதுக்கிய அந்தத் தெளிந்த நீரையும் கொட்ட வேண்டாம். சாதாரணப் பொன்னி அரிசி கொதிக்கும்போது அதில் விட்டுப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் ‘என்ன, பாசுமதியா?’ என்று எட்டிப் பார்ப்பார்.